அட்டவணையில் சேராத ஒருத்தி

கிளெமென்றின் வாய்மொழிப் பரீட்சைக்கு இரண்டு தரம் நாள் குறித்தார்கள். இரண்டு தரமும் யுத்தம் குறுக்கே வந்து நின்றது.

சாதாரண காலமாக இருந்தால் அவன் கப்பலேறி லண்டனுக்குப் போய், பரீட்சகர்கள் முன்னால் உட்கார்ந்து, தன் ஆய்வேட்டைப் பற்றி அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்துநான்கில் அது நடக்கிற காரியமில்லை. யுத்தத்துக்கு முன் லண்டனில் மருந்து இரசாயனம் படிப்பித்த ஹார்லண்ட் என்பவர் இராணுவ வைத்தியப் பிரிவில் மேஜராகிக் கொழும்புக்கு வந்திருந்தார். அவரும் கிளெமென்றின் பேராசிரியரும் சேர்ந்து இங்கேயே பரீட்சையை நடத்தலாம் என்று அனுமதி கிடைத்தது. முதல் நாள் குறித்தபோது மேஜரை அஸ்ஸாமுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து அவர் இன்னொரு நாள் சொன்னார். அந்த நாள் வந்தபோது மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தார்.

தள்ளிப்போகப் போகக் கிளெமென்றுக்குப் பயம் கூடியது. ஆய்வேட்டைப் பற்றிய பயமல்ல அது. தொழுநோய்க்கு ஊசியாகப் போடுகிற நீரடிமுத்து எண்ணெயைப் பற்றி எழுதியிருந்தான். அந்த ஊசி பொல்லாத ஊசி. போட்ட இடம் கட்டியாகி, சீழ் வைத்து, நோயாளி நாட்கணக்கில் காலை நீட்ட முடியாமல் கிடப்பார். எண்ணெய் பழசாகும்போது அதில் உண்டாகிற ஒருவகை அமிலந்தான் இதற்குக் காரணம் என்று அவன் கண்டுபிடித்து, அதை நீக்கிச் சுத்தம் பண்ணும் முறையையும் செய்து காட்டியிருந்தான். ஹெந்தளையில் இருந்த தொழுநோய் வைத்தியசாலையில் அந்த எண்ணெயைப் போட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் அட்டவணையாக ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருந்தன. அதிலே எந்தக் கேள்வி வந்தாலும் அவனால் சமாளிக்க முடியும்.

அவனால் சமாளிக்க முடியாத கேள்வி வேறு.

"ஏன் இந்த விசயத்த எடுத்தீங்க மிஸ்டர் கிளெமென்ற்?" என்று ஸாலிஹ் கேட்டான்.

வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு அடுத்த ஒழுங்கையில் ஸாலிஹின் வீடு. கிளெமென்றோடு ஒரே கல்லூரியில் பௌதிகம் படிப்பிப்பவன். யுத்தம் தொடங்குவதற்கு முன்பே லண்டனில் கலாநிதிப் பட்டம் வாங்கி வந்தவன். சனிக்கிழமை பின்நேரங்களில் கிளெமென்ற் அங்கே போவான். ஸாலிஹ் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, வெள்ளைக்காரப் பரீட்சகர் மாதிரிக் குரலை மாற்றிக் கேள்வி கேட்பான். 

"அது... தொழுநோய் இந்த நாட்டில முக்கியமான பிரச்சினை..."

"மலேரியா அதவிடப் பெரிய பிரச்சினை. ஏன் மலேரியாவ எடுக்கல்ல?"

கிளெமென்ற் ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டினான்.

ஸாலிஹ் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். "மச்சான், இதுதான் எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி. ஆள் பதட்டமில்லாம கதைக்கத் தொடங்கட்டும் எண்டுதான் கேப்பாங்க. மத்த எல்லாத்துக்கும் அவ்வளவு வடிவாச் சொல்ற. இதுல மட்டும் ஏன் இப்படித் தடுமாறுற?"

அந்த நேரம் ஸாலிஹின் சின்ன மகள் ஓடிவந்து கிளெமென்றின் மடியில் ஏறப் பார்த்தாள். அவன் அவளைத் தூக்காமல் எழுந்து நின்றான். ஸாலிஹின் மனைவி றலியா உள்ளே இருந்து, "வளந்தவங்க கதைக்கிற எடத்துக்குப் போகாத மக," என்று குரல் கொடுத்தாள். அவன் பிள்ளையைத் தூக்காததை அவர்கள் கூச்சம் என்று நினைத்திருக்கலாம். ஒவ்வொரு நாள் காலையிலும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கை கால்களில் வெளிறிய தேமல் ஏதும் தெரிகிறதா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவன் சட்டை போடுவான் என்பது ஸாலிஹுக்குத் தெரியாது.

அவனுடைய தாய் றஞ்சிதம் ஹெந்தளை வைத்தியசாலையில் இருந்தாள்.

அவர்கள் குடியிருந்த கொட்டாஞ்சேனையில் இதை அறிந்தவர்கள் அவனும் அவன் தங்கை ஐறீனும் பங்குச் சுவாமியாரும் மட்டுந்தான். துறைமுகத்தில் வேலை செய்த தகப்பன் இறந்து இரண்டு வருடத்தில் றஞ்சிதத்தின் கையில் வெளிறிய தேமல் தெரிந்தது. அடுப்பில் விரல் சுட்டும் அவளுக்குத் தெரியவில்லை. சட்டப்படி அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருக்க முடியாது. பிடித்துக்கொண்டு போக ஆள் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. ஒரு விடியற்காலையில் மகனையும் கூட்டிக்கொண்டு தானே போய்ச் சேர்ந்தாள். அயலவர்களுக்கு, தூத்துக்குடியில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள். வருடங்கள் போனபோது அந்தப் பொய் நைந்துபோகத் தொடங்கியது. பிறகு யுத்தம் வந்து அதைக் காப்பாற்றியது. கப்பல் இல்லை, வர வழியில்லை, பாவம் அந்த மனுசி என்று அயலவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

இரசாயனம் படித்துக்கொண்டிருந்த கிளெமென்ற் அந்த எண்ணெயைக் கையில் எடுத்ததற்கு வேறு காரணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனவன், ஊசி போட்ட நோவில் அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்ததைக் கண்டான். அவ்வளவுதான்.

பரீட்சைக்கான மூன்றாவது நாள் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிவாயிற்று. பேராசிரியர் ஆய்வுகூடத்துக்கே வந்து சொன்னார். அவர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர். எதையும் சந்தோசமான செய்தி போலவே சொல்லும் பழக்கம் அவருக்கு.

"வருகிற வெள்ளிக்கிழமை, கிளெமென்ற். மேஜர் அதற்கடுத்த வாரம் பர்மாப் பக்கம் போகிறார். வெள்ளிக்கிழமை அவர் ஹெந்தளை வைத்தியசாலையைப் பார்க்கப் போகிறாராம். உங்கள் நோயாளிகளையும் பார்த்துவிட்டு அங்கேயே பரீட்சையை வைத்துவிடலாம் என்கிறார். எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!"

"வேறு இடத்தில் வைக்க முடியாதா, சேர்?"

"ஏன், ஹெந்தளையில் என்ன?"

கிளெமென்ற் கையிலிருந்த புட்டியை மூடிவைத்து, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னான்.

அன்று மாலை ஐறீனிடம் சொன்னான். அவள் கன்னியர் மடத்துப் பள்ளியில் சிறுவர்களுக்குப் படிப்பிப்பவள். நோபேட் என்ற துறைமுகக் கிளாக்கருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வாரத்து ஞாயிறு தொடங்கி தேவாலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவித்தல், வாசிப்பதாக ஏற்பாடு. சம்பந்தம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் ஹெந்தளைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். யாராவது கண்டுவிட்டால் என்ன செய்வது?

தைத்துக்கொண்டிருந்த துணியை அவள் மடியில் வைத்தாள். "அம்மாவை அவை பாப்பினமோ?"

"பெண்களின்ர வார்ட்டுக்கும் போவினம்."

"நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது அண்ணா. ஓலை வாசிச்சுக் கலியாணம் முடியட்டும். பிறகு நோபேட்டுக்கு நானே சொல்லுவன். சத்தியமாச் சொல்லுவன். இப்ப வேண்டாம்."

"சொல்லமாட்டன்," என்றான் கிளெமென்ற்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, களனி ஆற்றைத் தாண்டி, வத்தளையில் இறங்கி, தென்னந்தோட்டங்களுக்கு நடுவே நடந்து போனான். றஞ்சிதம் பார்வையாளர் கொட்டிலில் காத்திருந்தாள். விரல்கள் உள்ளே மடிந்துவிட்டன. புருவமயிர் உதிர்ந்து நெற்றி தடித்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை. அவன் விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான் உன்னை முன்ன பின்ன கண்டதில்ல. அவ்வளவுதானே மகன்? நீ யோசிக்காத." பிறகு கேட்டாள்: "அந்தத் துரை என்னத்தைப் பாக்க வாறார்?"

"நான் சுத்தம் பண்ணின எண்ணெய் ஊசி போட்டா நோவு குறையுதோ எண்டு பாப்பார்."

"நோவு இல்லையெண்டாத்தான் நீ பாஸோ?"

"அப்பிடியில்ல அம்மா..." என்று அவன் விளக்கப் பார்த்தான். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை இராணுவ ஜீப் ஒன்றில் மேஜர் வந்தார். மெலிந்த, உயரமான ஆள். மலேரியா மாத்திரை விழுங்கி விழுங்கி முகமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. வைத்தியசாலையின் பெரிய டொக்டர் அவரை வரவேற்றார். கிளெமென்ற் யாருடைய மகன் என்பது அந்தச் சிங்கள டொக்டருக்கு மட்டும் தெரியும். றஞ்சிதத்துக்கும் புது எண்ணெய் போட்டார்கள்தான். ஆனால் தன் தாயின் வாக்கைத் தன் ஆய்வுக்கு எடுக்கக்கூடாது என்று கிளெமென்ற் ஆரம்பத்திலேயே சொல்லி, அவள் பெயரை அட்டவணையில் சேர்க்காமல் விட்டிருந்தான். டொக்டரும் அதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார். அன்று காலை அவர் கிளெமென்றை ஒரு தரம் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

பெண்களின் வார்ட்டில் மேஜர் ஒவ்வொரு கட்டிலாக நின்று, நோயாளியின் அட்டையைப் படித்துக்கொண்டே வந்தார். றஞ்சிதம் தலைவாரி, துவைத்த சேலை உடுத்து, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இவருக்கும் புதிய எண்ணெய்தானே?" என்று மேஜர் அட்டையைப் பார்த்துக் கேட்டார். "ஒரு வருடத்துக்கு மேலாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஊசி போட்ட இடத்தில் நோகிறதா என்று கேளுங்கள்."

டொக்டருக்குத் தமிழ் அரைகுறை. பேராசிரியருக்கு அதுவும் கிடையாது. மேஜர் கிளெமென்றைத் திரும்பிப் பார்த்தார்.

அவன் ஓரடி முன்னால் வந்தான். தமிழில் எந்த வயதான பெண்ணையும் அம்மா என்று கூப்பிடலாம். கேட்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அவன் அந்தச் சொல்லைத் தவிர்த்தான்.

"ஊசி போட்ட இடத்தில நோகுதோ எண்டு ஐயா கேக்கிறார்," என்றான்.

றஞ்சிதம் அவனை ஒரு அந்நியனைப் பார்ப்பது போலவே பார்த்தாள். "ஐயாவிட்டச் சொல்லுங்கோ தம்பி. முந்திப் போட்ட ஊசியில நான் உயிரோட செத்தன். இந்தப் புது மருந்து தண்ணி மாதிரி. ஒரு கட்டியும் இல்ல, ஒரு நோவும் இல்ல. இதைச் செய்த பிள்ளைக்கு மாதா துணையிருக்கோணும்."

அவன் ஆங்கிலத்தில் சொன்னான். மேஜர் தன் காகிதத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கிளெமென்ற் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போனான். போன மாதம் ஊசி போட்ட பிறகு அவள் தொடையில் எலுமிச்சங்காய் அளவு கட்டி கிளம்பி, உட்கார முடியாமல் ஒருபக்கமாகச் சரிந்திருந்ததை அவன் கண்ணால் கண்டிருந்தான்.

டொக்டரின் காரியாலய அறையில் மேசையைத் துடைத்து, நான்கு கதிரைகள் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் இரைந்தது. பரீட்சை ஆரம்பமாயிற்று. ஸாலிஹ் கேட்டுப் பழக்கிய அந்த முதல் கேள்வி வரவேயில்லை. மேஜர் நேரே எண்ணெய்க்குள் இறங்கினார். கட்டிக்குக் காரணம் அமிலந்தான், எண்ணெயின் அளவல்ல என்பதை எப்படி நிச்சயித்தீர்கள்? புட்டியில் காற்றுப் புகாமல் வைத்திருந்தால் என்ன நடக்கும்? கிளெமென்றின் குரல் மெல்ல மெல்ல உறுதியாயிற்று. ஓரிடத்தில் மேஜரே சிரித்து, "அது என் பிழை, நீங்கள் சொல்வது சரி," என்றார். பேராசிரியர் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

பிறகு மேஜர் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார்.

"ஒன்று எனக்கு விளங்கவில்லை. வார்ட்டில் பார்த்தோமே, அந்த ஜன்னலோரக் கட்டில் பெண். ஒரு வருடமாக உங்கள் எண்ணெய். கட்டியில்லை, நோவில்லை என்கிறார். இன்று நான் பார்த்தவர்களில் உங்களுக்கு இவ்வளவு சாதகமாகச் சொன்னவர் வேறு யாருமில்லை. அவர் உங்கள் அட்டவணையில் இல்லை. சாதகமான சாட்சியை எதற்காக விட்டீர்கள்?"

கிளெமென்ற் மேசையைப் பார்த்தான்.

"ஒருவேளை அவருடைய குறிப்புகள் முழுமையாக இருந்திருக்காது," என்று பேராசிரியர் உதவிக்கு வந்தார். "அப்படித்தானே, கிளெமென்ற்?"

ஓம் என்று ஒரு சொல் போதும். டொக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார், அவர் மறுக்கமாட்டார். 

"அப்படியானால் திருத்தும்போது இவரையும் சேர்த்துவிடுங்கள்," என்று மேஜர் பேனாவை எடுத்தார். "நானே நேரில் கேட்டது. ஆய்வுக்குப் பலம் கூடும்."

கிளெமென்றின் மனதில் ஐறீனின் முகம் வந்தது. சொல்லமாட்டன் என்று தான் சொன்னதும் வந்தது. அந்த அத்தியாயத்தை நம்பி எங்கேயோ ஒரு வைத்தியர் நாளை ஊசியைக் கையில் எடுப்பார் என்பதும் வந்தது. 

"சேர்க்க வேண்டாம், சேர். அவர் சொன்னது உண்மையில்லை."

மேஜர் பேனாவை நிறுத்தினார். "நீங்கள்தானே மொழிபெயர்த்தீர்கள்? அவர் சொன்னதை அப்படியே சொல்லவில்லையா?"

"அப்படியேதான் சொன்னேன். ஒரு வசனத்தை மட்டும் விட்டேன். மருந்து செய்தவனுக்கு மாதா துணையிருக்க வேண்டும் என்று சொன்னார்." அவன் நிமிர்ந்தான். "அவர் என்னுடைய தாய். நான் சித்தியடைய வேண்டும் என்பதற்காகப் பொய் சொன்னார். புது எண்ணெயிலும் அவருக்குக் கட்டி வருகிறது. மற்றவர்களுக்குக் குறைந்த அளவுக்கு அவருக்குக் குறையவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை."

பேராசிரியர் மேசைமேல் இருந்த தன் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மேஜர் தன் காகிதத்தில் இருந்த குறிப்பைக் கோடு போட்டு வெட்டினார். "அந்தக் கடைசிச் சொற்களை ஆய்வேட்டில் எழுதுங்கள்," என்றார். "சிலருக்குக் குறையவில்லை, காரணம் தெரியவில்லை என்று. அதை எழுதாத ஆய்வுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்." பிறகு பக்கத்தைத் திருப்பி, எண்ணெயை வடிகட்டும் முறையைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டார். கிளெமென்ற் அதற்கும் பதில் சொன்னான்; என்ன சொன்னான் என்பது பிறகு அவனுக்கே நினைவில்லை.

முடிவில் மேஜர் எழுந்து கைகொடுத்தார். பட்டத்துக்குச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். பேராசிரியரும் வாழ்த்தினார், நான்கடி தள்ளி நின்று.

ஜீப் போன பிறகு கிளெமென்ற் வார்ட்டுக்குத் திரும்பி வந்து தாயின் கட்டிலருகே நின்றான்.

"போ மகன், ஆக்கள் பாக்கினம்," என்று றஞ்சிதம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"சொல்லிப்போட்டன் அம்மா."

அவள் அவனையே பார்த்தாள். "ஐறீன்?"

றஞ்சிதம் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் எவ்வளவோ நேரம் நின்றும் அவள் திரும்பவில்லை.

ஐறீன் அழவில்லை. அவன் சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"உங்களுக்குப் பொய்யில பட்டம் வேண்டாம். சரி. அந்த மெய்க்கு என்னை ஏன் விலையாக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். 

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, வேறு யாரும் சொல்வதற்கு முன் நோபேட்டிடம் தானே சொல்லப் போனாள். நோபேட் தலைகுனிந்து கேட்டுவிட்டு, அம்மாவிடம் கதைத்துச் சொல்கிறேன் என்றானாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மற்றச் சோடிகளின் ஓலை வாசிக்கப்பட்டது. இவர்களுடையது வாசிக்கப்படவில்லை. அந்த வாரத்துக்குள் நோபேட்டின் தாய் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினாள்.

கல்லூரியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வைத்தியச் சான்றிதழ் கொண்டுவரும்வரை வகுப்பெடுக்க வேண்டாம் என்று மட்டும் பேராசிரியர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கிளெமென்ற் உடம்பு முழுவதையும் டொக்டர்மாருக்குக் காட்டி, நோயில்லை என்று எழுதி வாங்கிக் கொடுத்தான். ஸாலிஹ் விசயத்தைக் கேள்விப்பட்டுக் கொட்டாஞ்சேனைக்கே வந்தான்.

"எத்தன சனிக்கெழம கேட்டன் மச்சான். எனக்குச் சொல்லியிருக்கலாமே," என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அதன் பிறகும் அவன் அடிக்கடி வந்தான். ஆனால் வெள்ளவத்தைக்கு வா என்று நெடுநாள் கூப்பிடவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிளெமென்றும் ஏன் என்று கேட்கவில்லை.

மாரிகாலம் வந்தது. ஐறீன் அண்ணனுக்குச் சாப்பாடு போட்டாள், சட்டை தோய்த்தாள். தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை. றஞ்சிதமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஹெந்தளைக்குப் போய்க் கொட்டிலில் உட்கார்ந்திருப்பான். அவள் வந்து எதிரே இருப்பாள். சேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விடுவாள். லண்டனிலிருந்து பட்டம் உறுதியானதாகச் செய்தி வந்தது. அதைச் சொன்னபோதுகூட அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு, அவன் குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது ஐறீன் உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ் தரிப்பிடத்தில் அடுத்த வீட்டு அந்தோனியம்மா எதிர்ப்பட்டாள். ஊருக்கே தெரிந்த கதை அவளுக்கும் தெரியும்.

"எங்க பிள்ளை ரெண்டு பேருமா?"

"ஹெந்தளைக்கு," என்றாள் ஐறீன். "அம்மாவைப் பாக்க."

அந்தோனியம்மா ஒதுங்கி வழிவிட்டாள். பஸ் வந்தது. ஐறீன் முதலில் ஏறினாள்.

மகளைக் கண்டதும் றஞ்சிதம் கொட்டில் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஐறீன் போய் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வாங்குப் பலகையில் இருத்தி, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். தள்ளி இரு பிள்ளை என்று றஞ்சிதம் சொல்லிப் பார்த்தாள். அவள் தள்ளவில்லை.

"நோபேட்?"

"இல்ல அம்மா. அது முடிஞ்சுது."

றஞ்சிதம் கண்ணீரை மடிந்த கையின் பின்புறத்தால் துடைத்தாள். மூவரும் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வேறு பார்வையாளர்கள் வந்தார்கள், போனார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு உள்ளுக்க வைச்சுப் பரீட்சையில என்ன என்ன கேட்டவை?"

கிளெமென்ற் முதலாவது கேள்வியிலிருந்து சொல்லத் தொடங்கினான்.